கிளி பார்டரின் முதல் முழம்

2024 ஆகஸ்ட் 6ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் தினகரனின் வீட்டுக்குப் பதிவுத் தபாலில் ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. நாலு பக்கம், ஆங்கிலம். தலையைத் திருப்பிப் பார்க்கும் கிளியும், பார்டரைத் தாண்டிப் புடவையின் உடலுக்குள் இறங்கும் அதன் வாலும் கொண்ட வடிவமைப்பு 2022 செப்டம்பர் 14 முதல் பட்டு வியாபாரி ராஜகோபாலின் பெயரில் பதிவாகியிருக்கிறது, பதினைந்து நாளுக்குள் அதை நெய்வதை நிறுத்த வேண்டும், நிறுத்தாவிட்டால் வழக்கு.

கையெழுத்துப் போட்டு வாங்கியது தினகரனின் மனைவி மங்கையர்க்கரசி. படித்துச் சொல்ல உதயகுமாரைக் கூப்பிட்டார்கள். அவனுக்கு ஆங்கிலம் தெரியும் என்பது ஒரு காரணம். அந்தக் கிளியை வரைந்தவன் அவன் என்பது இன்னொன்று.

உதயகுமாருக்கு முப்பத்தாறு வயது. இரண்டு தெரு தள்ளி, மாடி அறையில் கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு புடவைகளுக்கு கிராஃப் போடுகிறான். அவன் திரையில் கட்டம் கட்டமாக வரைவதுதான் பிறகு ஜக்கார்டு அட்டைகளில் துளைகளாகி, தறியில் யானையாகவும் மாங்காயாகவும் வரும். மூன்று வருடம் பெர்லினில், நெசவுக்கான மென்பொருள் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு 2021இல் திரும்பி வந்தவன். அம்மா வடிவுடன் இருக்கிறான். கல்யாணம் ஆகவில்லை.

நோட்டீஸை இரண்டு முறை படித்துவிட்டு மடித்தான்.

"என்னாபா எழுதிக்கிறான்?" என்றார் தினகரன். தறிக்குழியில் இருந்து எழுந்து வரவில்லை, ஊடை நூலை ஓட்டும் நாடா கையிலேயே இருந்தது.

"நம்ம கிளி அவங்க கிளியாம்ணா."

"எப்புட்றா?"

"பதிவு பண்ணி வச்சிருக்காங்க. ரெண்டு வருஷம் ஆவுது."

மங்கையர்க்கரசி தறியின் வலது பக்கம் உட்கார்ந்திருந்தார். கோர்வைப் புடவையை ஒரே ஆளால் நெய்ய முடியாது. உடலுக்கு ஒரு நிறம், பார்டருக்கு வேறு நிறம் என்பதால் மூன்று நாடா ஓடும். வலது பக்க பார்டரின் நாடாவை வாங்கிப் பின்னிக் கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அந்த ஆள் அவர்தான்.

"கிளி இங்கருந்து பறந்து போயி அவன் வூட்ல உக்காந்துக்கிச்சா?" என்றார். "அந்த மனுசன் தறிக்குழியில கால வுட்டுப் பாத்திருப்பானா? அவன் கடையில ஏசியில உக்காந்துக்கினு கிளிக்கு வால் வரைஞ்சானாமா?"

அந்த வால் ஒரு பிழை. 2019 கடைசியில் உதயகுமார் பெர்லினில் இருந்தபடியே அந்த கிராஃபைப் போட்டான். பார்டர் முடியும் இழையோடு வாலும் முடிந்திருக்க வேண்டும். அவன் எண்ணிக்கையில் தப்பு விட்டு, வாலைப் பதினாறு இழை கூடுதலாக உடல் பக்கம் இழுத்துவிட்டான். மிஷினில் நெய்கிறவர்களாக இருந்தால் படத்தைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள். கோர்வையில் அந்த இடம் இரண்டு நிறங்களும் கைகோக்கும் இடம். அதைத் தாண்டி ஒரு சரிகை இழை போவது வம்பு. தினகரன் திருப்பி அனுப்பவில்லை. தனியாக சரிகை சுற்றிய ஒரு சிறு கண்டை வைத்துக் கையாலேயே பதினாறு இழையையும் நெய்து முடித்தார். கிளி பார்டரில் உட்கார்ந்திருக்க, வால் மட்டும் புடவைக்குள் தொங்கியது. பார்த்தவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தார்கள். ஊரடங்கெல்லாம் முடிந்து 2021 ஆவணியில்தான் முதல் புடவை விற்பனைக்குப் போனது. இப்போது அந்தத் தெருவில் பதினொரு தறிகளில் கிளி பார்டர் ஓடுகிறது. ஐப்பசி முகூர்த்தங்களுக்காகப் பதினொரு தறியிலும் பாவு நூல் ஏற்றியாகிவிட்டது. ஏற்றிய பாவை இறக்க முடியாது.

"மெட்ராஸ் கோர்ட்டுக்கா போவணும்?" என்றார் தினகரன்.

"மொதல்ல வக்கீல் ஒருத்தர பாப்பம்ணா."

வக்கீல் காயத்ரியின் அலுவலகம் கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால் இருந்தது. நாற்பது வயதுக்காரர். ஒரு பென்சிலைக் காதுக்குப் பின்னால் செருகியபடியே பேசுவார். நோட்டீஸைப் படித்து, ராஜகோபாலின் பதிவை இணையத்தில் எடுத்துப் பார்த்தார். படத்தில் வாலும் இருந்தது, பதினாறு இழையும் இருந்தது.

"இத கேன்சல் பண்ணலாம்," என்றார். "கொல்கத்தாவுல டிசைன் ஆபீஸ் இருக்குது. அங்க மனு போடணும். ஒரே ஒரு கேள்விதான். 2022 செப்டம்பர் 14க்கு முன்னாடியே இந்த டிசைன் வெளிய வந்திருக்குதுன்னு காட்ட முடியுமா?"

"நாங்க இருபதுலயே நெஞ்சோம்மா," என்றார் தினகரன்.

"நெஞ்சது வேற, வெளிய வந்தது வேறண்ணா. பொதுவுல வந்திருக்கணும். நீங்க உதயகுமாருக்கு வாட்சப்ல போட்டோ அனுப்பியிருந்தா அது ரெண்டு பேருக்குள்ள இருக்கிறது. பில் இருக்குதா?"

"இருக்குது. கிளி பார்டர்னு போட்டிருக்கும்."

"எந்தக் கிளின்னு இருக்காதே." காயத்ரி பென்சிலை எடுத்து மேஜையில் தட்டினார். "தேதியோட, எல்லாரும் பாக்கிற மாதிரி ஒரு எடத்துல வந்த படம் வேணும். பேப்பர், ஃபேஸ்புக், கல்யாண வீடியோ, எதுவா இருந்தாலும் சரி. இந்தியாவுலதான் வந்திருக்கணும்னு இல்ல. உலகத்துல எங்க வந்திருந்தாலும் போதும்."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் உதயகுமாருக்குப் பெர்லின் ஞாபகம் வந்தது. அவன் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தான்.

அட்டை மாற்றி முதலில் நெய்கிற ஒரு முழம் விற்பனைக்கு வராது. டிசைன் சரியாக விழுகிறதா என்று பார்ப்பதற்கான துணி அது. பார்த்து முடிந்ததும் அதை அறுத்து, மூலையில் மஞ்சள் தொட்டு வைத்து, கிராஃப் போட்டவர் கையில் கொடுத்துவிடுவது அந்தத் தெருவின் வழக்கம். 2020 பொங்கலுக்கு உதயகுமார் இரண்டு வாரம் ஊருக்கு வந்திருந்தான். தினகரன் அவனிடம் அந்த முழத்தைக் கொடுத்தார். அரக்குச் சிவப்பு உடல், கிளிப்பச்சை பார்டர், நாலு விரற்கடை அகலத்துக்கு வரிசையாகக் கிளிகள். பச்சை பார்டர் உள்ள பக்கத்தை மட்டும் நீளவாக்கில் கத்தரித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டான்.

பெர்லினில் கிறிஸ்டோபர் என்று ஒருவர் இருந்தார். ஐம்பது வயது, சொட்டைத் தலை, பழைய அச்சகக் கட்டடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து ஆண்களுக்கான பாலுறவுப் படங்கள் எடுப்பவர். அவருடைய தொடர் ஒன்றுக்கு ஒரே விதிதான்: நடிக்கிற எல்லோருக்கும் கண் கட்டியிருக்கும். பத்துப் பன்னிரண்டு ஆண்கள், யாரும் யாரையும் பார்த்திருக்க மாட்டார்கள், முடிந்த பிறகும் பார்க்க மாட்டார்கள். வேறு வேறு வாசல் வழியாக வந்து போவார்கள். கண்ணைக் கட்டும் துணியை அவரவரே கொண்டு வர வேண்டும், தனக்கு வேண்டப்பட்ட துணியாக. ஒருவர் அப்பாவின் டை கொண்டு வந்திருந்தாராம். ஒருவர் மருத்துவமனைக் கட்டுத்துணி.

உதயகுமார் பணத்துக்காகப் போகவில்லை. அங்கே போன முதல் வருடம் அவன் ஒரு விஷயத்தைக் கற்றுக்கொண்டிருந்தான். பிள்ளையார்பாளையத்தில் ஒருவன் தெருமுனையில் திரும்பும்போதே யார் மகன், எத்தனை தறி என்று கண்கள் எடை போட்டுவிடும். அதிலிருந்து தப்பித்து வந்த ஊரில், ஆண்கள் ஆண்களைத் தேடும் செயலியில், எட்டுப் பேரில் ஒருவர் தன் சுயவிவரப் பக்கத்தில் இந்தியர்கள் வேண்டாம் என்று பணிவாக எழுதி வைத்திருந்தார். அங்கேயும் கண்தான் முதலில் தீர்ப்புச் சொன்னது. கண்ணே இல்லாத ஓர் அறை எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டான்.

2020 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனான். முதல் இரண்டு மணி நேரம் காகிதங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு, பாஸ்போர்ட், எது சம்மதம் எது சம்மதமில்லை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். கிறிஸ்டோபர் ஆளுக்கொரு சின்னப் பித்தளை மணி கொடுத்தார். யார் அடித்தாலும் எல்லாம் நிற்கும். பிறகு உதயகுமார், இரு முனையிலும் கயிறு தைத்திருந்த அந்தக் கிளித் துணியைக் கண்ணில் கட்டிக்கொண்டான். உள்ளே போனான்.

அதற்குப் பிறகு நடந்ததை அவன் யாரிடமும் சொன்னதில்லை. தனக்குத்தானே நினைத்துப் பார்க்கும்போதும் உடம்புகள் அவ்வளவாக நினைவில் இல்லை. ஒருவருடைய உள்ளங்கை சொரசொரப்பாக, தறிக்காரர் கை போலவே இருந்தது நினைவிருந்தது. யாரோ தடுக்கி விழப் போக, ஐந்தாறு கைகள் ஒரே நேரத்தில் எங்கிருந்தோ நீண்டு பிடித்ததும், எல்லோரும் சிரித்ததும் நினைவிருந்தது. அது விடுதலையா என்று கேட்டால் அப்படிப் பெரிய வார்த்தை சொல்ல அவனுக்கு வராது. ஓய்வு என்று சொல்வான். முப்பத்திரண்டு வருடமாக யாரோ பார்த்துக்கொண்டே இருந்ததிலிருந்து ஒரு மத்தியான ஓய்வு.

ஆனால் காமிரா பார்த்துக்கொண்டிருந்தது. காசு கட்டிப் பார்க்கிறவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு பார்ப்பதில்லை. அந்தச் சின்ன விஷயம், படம் வெளியான பிறகுதான் அவன் மண்டையில் ஏறியது.

காயத்ரியைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலை மாடி அறையின் கதவைத் தாழிட்டுக்கொண்டு அந்தத் தொடரின் இணையப் பக்கத்தைத் தேடி எடுத்தான். இங்கே நேராகத் திறக்கவில்லை, தடையைச் சுற்றி வேறு வழியாகப் போக வேண்டியிருந்தது. எட்டாவது பாகம். வெளியான தேதி: 2020 ஜூன் 12. அதன் கீழே யாரும் பார்க்கக்கூடிய ஒரு படம், மார்பளவு. ஐந்து ஆண்கள் சுவரோரமாக நிற்கிறார்கள், எல்லோர் கண்ணிலும் துணி. இடமிருந்து நான்காவது ஆளின் கண்களின் மேல் பச்சை பார்டரில் நாலு கிளிகள். பெரிதாக்கினான். நல்ல காமிரா. கத்தரித்த ஓரத்தில் விரல் அகலச் சிவப்பு, அதற்குள் வால்கள். பதினாறு இழையையும் எண்ண முடிந்தது.

பக்கத்தை மூடினான்.

அடுத்த ஐந்து வாரம் அவனும் தினகரனும் வேறு படம் தேடினார்கள். காயத்ரி பதில் நோட்டீஸ் அனுப்பி அவகாசம் வாங்கியிருந்தார். முதல் வருடம் விற்ற புடவைகள் எந்தக் கடைக்குப் போயின, கடையிலிருந்து யார் வீட்டுக்குப் போயின என்று விசாரித்தார்கள். தினகரன் செய்யாறு வரை பஸ்ஸில் போய் வந்தார். ஐயம்பேட்டையில் ஒரு கல்யாண ஆல்பம் கிடைத்தது. அதை யாரும் எங்கேயும் போட்டிருக்கவில்லை. ஆரணியில் ஒரு பெண் தன் கல்யாணத்துக்குக் கிளி பார்டர் கட்டி ஃபேஸ்புக்கில் படம் போட்டிருந்தாள், வால் தெளிவாகத் தெரிந்தது. தேதி 2022 நவம்பர் 20. தினகரன் அந்தப் படத்தை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு மாசம் முன்னாடி கல்யாணம் பண்ணியிருக்கக் கூடாதா இந்தப் பொண்ணு," என்றார். "மாப்ள எங்கியாவது மொரண்டு புடிச்சிருப்பான்."

பதினொரு தறிக்காரர்களில் இரண்டு பேர், வம்பு எதற்கு என்று பாதிப் புடவையில் கிளியை நிறுத்திவிட்டு வெறும் கட்டம் போட ஆரம்பித்தார்கள். மற்றவர்கள் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு தினகரனைப் பார்த்தார்கள்.

ஒவ்வொரு முறை தினகரன் புதிதாக ஓர் ஊரின் பெயரைச் சொல்லிப் பஸ் ஏறும்போதும் உதயகுமாருக்குத் தெரியும், அவர் போகிற இடத்தில் எதுவும் இல்லை என்று. இருக்கிற இடம் அவனுக்குத் தெரியும். செப்டம்பர் மூன்றாம் வாரம், தினகரன் திருத்தணிக்குப் போய்ச் சும்மா திரும்பிய அன்று, அவன் காயத்ரியின் அலுவலகத்துக்குத் தனியாகப் போனான்.

எல்லாவற்றையும் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. காயத்ரி பென்சிலைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

"தேதி என்னான்னு சொன்னீங்க?"

"இருபது ஜூன் பன்னெண்டு."

"காசு கட்டாம அந்தப் படத்தைப் பாக்க முடியுதா?"

"முடியுது மேடம்."

"அப்ப அது வெளியீடுதான்." அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "உதயகுமார், தோளுக்கு மேல மட்டும் எடுத்து வச்சா போதும். வீடியோ எதுவும் யாரும் பாக்க வேணாம். ஆனா எந்தப் பக்கத்துல இருந்து எடுத்ததுன்னு முகவரி குடுக்கணும். அந்தத் துணி எப்படி அங்க போச்சுன்னு ஒருத்தர் பிரமாணப் பத்திரம் குடுக்கணும். அது நீங்கதான். அதுல ஒரு காப்பி ராஜகோபாலுக்குப் போவும். எத மறைச்சாலும் அத மறைக்க முடியாது."

"தெரியும் மேடம்."

"ராஜகோபால் கடை எங்க இருக்குதுன்னு தெரியும்ல."

"எங்க தெருவுல இருந்து நாலு தெரு."

"சட்டப்படி உங்க மேல யாரும் கைய வைக்க முடியாது. அங்க அது குத்தமில்ல, ஆணும் ஆணும் இருக்கிறது இங்கயும் இப்ப குத்தமில்ல. ஊர் வாயப் பத்தி எனக்குப் படிப்பு இல்ல. ஒண்ணு மட்டும், மனு போடறது தினகரன் அண்ணன். அவருக்குத் தெரியாம இத நான் உள்ள வைக்க மாட்டேன்."

அன்று மத்தியானமே அவன் கிறிஸ்டோபருக்கு எழுதினான். மறுநாள் பதில் வந்தது. எட்டாவது பாகத்தின் பதிவேட்டில் நான்காம் எண்ணுக்கு எதிரே, பறவை பார்டர் போட்ட பச்சைப் பட்டு, சொந்த ஊரிலிருந்து கொண்டு வந்தது என்று எழுதியிருப்பதாகவும், அதற்குச் சான்றளித்துக் கையெழுத்திட்டுத் தரத் தயார் என்றும் சொல்லியிருந்தார். ஆனால் நடித்தவரின் பெயரை, அவரே எழுத்தில் அனுமதி கொடுக்காமல் எந்த அரசாங்கத்துக்கும் தர மாட்டேன், அனுமதி கொடுக்கும் முன் ஒரு வாரம் யோசிக்கவும் என்றும் இருந்தது. ராஜகோபால், வக்கீல், ஊர், சொந்தம் என்று தன் பெயரை யார் யார் எப்படிக் கையாளப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு, ஒரு வாரம் யோசி என்று சொன்ன ஒரே ஆள் அந்தப் படக்காரர்தான் என்பது விநோதமாக இருந்தது. ஒரு வாரம் யோசித்தான்.

அக்டோபர் முதல் சனிக்கிழமை தினகரன் வீட்டுக்குப் போனான். கணவனும் மனைவியும் தறியில் இருந்தார்கள். போனை தினகரனிடம் நீட்டினான். படத்தை வெட்டவில்லை. ஐந்து ஆண்களும் இருந்தார்கள்.

"என்னாது?"

"பாருண்ணா. நாலாவது ஆளு."

தினகரன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். இரண்டு விரலால் படத்தை விரித்தார், துணியைத் தடவிப் பார்க்கிற மாதிரியே.

"நம்ம வாலு," என்றார். குரலில் சந்தோஷம் இருந்தது. "பதினாறு இழ. இது என் கையி. தோ, இந்தக் கிளிக்குக் கால்ல ஒரு இழ வுட்டுப் போச்சு பாரு, அன்னிக்கு கரண்ட் போச்சு. அரசி, இங்க பாரு. மொத மொழம்." தேதியைக் காட்டச் சொன்னார். காட்டினான். "இருபதா? அடப்பாவி, இத எங்கடா வச்சிருந்த இத்தன நாளு?"

பிறகுதான் துணிக்கு வெளியே பார்த்தார். சட்டை இல்லாத தோள்கள். மற்ற நாலு பேர். மேலே எழுதியிருந்த ஆங்கில எழுத்துகளில் அவருக்கே புரிகிற ஒரு சொல் இருந்தது. நான்காவது ஆளின் மூக்கையும் உதட்டையும் பார்த்தார். நிமிர்ந்து உதயகுமாரின் மூக்கையும் உதட்டையும் பார்த்தார்.

தறி நின்றிருந்ததால் தெருவில் யாரோ ஸ்கூட்டர் உதைக்கும் சத்தம் கேட்டது.

"நீயாடா?"

"ஆமாண்ணா."

"இது அந்த மாதிரிப் படமா?"

"ஆமாண்ணா. ஆம்பளைங்க மட்டும்."

தினகரன் போனைத் தறிக்கட்டையின் மேல் குப்புற வைத்தார். உதயகுமார் எதிர்பார்த்து வந்த வார்த்தைகள் வரவில்லை. வந்தது வேறு.

"மஞ்ச தொட்டுக் குடுத்தண்டா உனக்கு. என் கையால அறுத்து மஞ்ச தொட்டுக் குடுத்தேன். அதக் கொண்டு போயி..."

"எனக்கு வேண்டப்பட்ட துணி கொண்டாரச் சொன்னாங்கண்ணா. என்கிட்ட இருந்தது இது ஒண்ணுதான்."

"பேசாத."

"கண்ணுலதான கட்டியிருக்கான்," என்றார் மங்கையர்க்கரசி. போனை எடுத்து அவரும் பார்த்துக்கொண்டிருந்தார். "கட்டக் கூடாத எடத்துல ஒண்ணும் கட்டலியே."

"நீ சும்மா இரு."

"நான் ஏன் சும்மா இருக்கணும்? அந்த ராஜகோபாலு நம்ம கிளிய அவன் பேர்ல எழுதிக்கினப்ப உனக்கு வராத ரோசம், இந்தப் புள்ள கண்ணுல கட்டினப்ப வருதா?"

தினகரன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றார். "நாளைக்கு என் பொண்ணுக்கு ஒரு எடம் வந்தா, உங்கப்பன் எதக் காட்டிக் கேசு ஜெயிச்சான்னு கேப்பான். கிளி போனா போவுது. வேற நெஞ்சிக்கலாம்." செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

மங்கையர்க்கரசி தறியின் வலது பக்கமே உட்கார்ந்திருந்தார். போனை உதயகுமாரிடம் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்னும் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருன்னே தெரியாதவங்களாப்பா இவங்க?"

"ஆமா அண்ணி."

"பயமா இல்லியா?"

"அங்க இல்ல. இங்கதான்."

அவர் போனை அவனிடம் திருப்பிக் கொடுத்தார். "மனு அவருதான் போடணுமா?" என்றார். "சொசைட்டியில என் பேர்ல நெசவாளர் கார்டு இருக்குது. அந்த வாலு கோர்வையத் தாண்டிப் போற எடத்துல நாடாவ நிறுத்தி நிறுத்திக் குடுத்தது யாரு? எனக்கு அதுல பங்கு இல்லியா?"

உதயகுமார் அங்கேயே காயத்ரிக்குப் போன் செய்தான். பாதிக்கப்படுகிற யாரும் மனு போடலாம் என்றார் அவர்.

"அப்ப நான் போடறேன்," என்றார் மங்கையர்க்கரசி. "ஆனா ஒண்ணு. உங்கம்மாவுக்கு அந்த ராஜகோபாலு ஊட்டுக்காரி சொல்லித் தெரியக் கூடாது. நீ சொல்லிட்டு வந்து எனக்குச் சொல்லு, அப்பறம்தான் கையெழுத்து."

அம்மாவிடம் சொல்ல அவனுக்கு இன்னும் எட்டு நாள் ஆனது. ஞாயிற்றுக்கிழமை காலை வடிவு சமையலறைத் தரையில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவனும் எதிரே உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டான். கீரையைப் பார்த்தபடியே சொன்னான். தனக்குப் பெண்கள் மேல் நாட்டமில்லை என்பதை முதலில் சொன்னான். படத்தைப் பிறகு சொன்னான். கிளியைக் கடைசியில் சொன்னான்.

வடிவு உருவிய காம்பைத் தனியாக வைத்தாள்.

"அந்தப் பேப்பரு ராஜகோபாலு வூட்டுக்குப் போவுமா?"

"போவும்மா."

"அவன் பொண்டாட்டி வெள்ளிக்கிழம காமாட்சி கோயில்ல என் பக்கத்துலதான் உக்காருவா." அடுத்த காம்பை எடுத்தாள். "மூஞ்சி தெரியுதா?"

"கண்ணு தெரியாது. மூக்கு, வாயி தெரியும்."

"உன் வாயி உங்கப்பன் வாயி. எவளும் கண்டுபுடிச்சிடுவா." பிறகு, "ஏழு வருசமா பொண்ணு ஜாதகத்த எடுத்துக்கினு அலையறேன். வாணாம் வாணாம்னியே, இதான்னு ஒரு தடவ சொல்லியிருக்கலாம்ல," என்றாள்.

"சொல்ற தைரியம் இல்லம்மா."

"ஊரு முழுக்கப் பாக்கற படத்துல நிக்கத் தைரியம் இருந்திச்சு."

"அங்க கண்ணு கட்டியிருந்துச்சும்மா."

வடிவு மீதிக் கீரையை அவன் கையிலிருந்து வாங்கி, அவன் சரியாக ஆயவில்லை என்பதால் மறுபடியும் ஆய்ந்தாள். சாப்பாட்டுக்கு இலை போட்டுவிட்டு, "தினகரன் கைத் தொழிலு திருட்டுப் போவக் கூடாது," என்று சொன்னாள்.

மனு 2024 நவம்பர் 11ஆம் தேதி மங்கையர்க்கரசியின் பெயரில் தாக்கலானது. உதயகுமாரின் பிரமாணப் பத்திரம் இரண்டு பக்கம். படத்தில் இடமிருந்து நான்காவதாக நிற்பவன் நான் என்று மூன்றாவது பத்தியில் இருந்தது. கிறிஸ்டோபரின் சான்று பெர்லினிலிருந்து வந்தது. ராஜகோபால் தரப்புக்கு டிசம்பர் முதல் வாரம் காப்பி போய்ச் சேர்ந்தது. தை பிறப்பதற்குள் அந்தப் படம் ஊரில் பல பேர் போனில் இருந்தது. இரண்டு கடைக்காரர்கள் உதயகுமாருக்குக் கொடுத்திருந்த கிராஃப் வேலையைக் காரணம் சொல்லாமல் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வடிவு வெள்ளிக்கிழமைகளில் காமாட்சி கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டு, திங்கட்கிழமைகளில் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போனாள். ஒரு நாள் கடைத்தெருவில் முன்பின் தெரியாத, கல்யாணமான ஓர் ஆள் உதயகுமாரின் அருகில் வந்து, அந்தத் தொடரில் மொத்தம் எத்தனை பாகம் என்று தணிந்த குரலில் கேட்டார். பதினொன்று என்றான். அவர் தலையாட்டிவிட்டுத் தக்காளிக் கடைப் பக்கம் போய்விட்டார்.

2025 மார்ச்சில் ராஜகோபாலின் வக்கீல், மனுவை எதிர்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார். ஜூன் 17ஆம் தேதி பதிவு ரத்தானது. உத்தரவு ஆறு பக்கம். ஆவணம் நான்கு என்று குறிப்பிட்டு, வெளிநாட்டில் 2020 ஜூன் 12 அன்று வெளியான ஒளிப்படத்தில் அதே வடிவமைப்பு காணப்படுகிறது என்று மட்டும் அதில் சொல்லியிருந்தது.

இப்போது அந்தத் தெருவில் ஒன்பது தறிகளில் கிளி பார்டர் ஓடுகிறது. தினகரன் உதயகுமாருடன் பேசுவதில்லை. கிராஃப் வேலை இருந்தால் மங்கையர்க்கரசி மாடி ஏறி வந்து சொல்லிவிட்டுப் போகிறார்.